தோளுக்கு மருந்து

1

சிரிப்புக் கதை ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று என்மேல் பழி போடாதீர்கள். ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள். படுக்கையறையில் காரியம் எதுவும் நடப்பதில்லை. வெளியே சொல்ல வெட்கம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கண்ட கண்ட வைத்தியத்தில் எல்லாம் விழுந்து அசடு வழிகிறார். பத்திரிகைக்காரர்கள் விரும்பிப் போடுவார்கள், அரை நாளில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

மருத்துவ விவரத்தில் கோட்டை விட்டுவிடக் கூடாதே என்று, என்னோடு படித்து டாக்டரான ஒருவனைப் போனில் பிடித்தேன். வயதாக ஆக ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் மெல்லக் குறைவதையும், சிலருக்கு அது ஒரேயடியாகக் கீழே போய்விடுவதையும், அதற்கு ஊசி, ஜெல் என்று வைத்தியம் இருப்பதையும் அவன் பொறுமையாகச் சொன்னான். போனை வைக்கப்போகும்போது, போகிற போக்கில் இதையும் சொன்னான்.

"ஜெல்லைப் பத்தி எழுதினா ஒண்ணு மறந்துடாத. அது பொம்பளைங்க மேல படக்கூடாது. தினமும் பட்டுக்கிட்டே இருந்தா அவங்களுக்கு மீசை முளைக்கும், குரல் கட்டையாயிடும்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கதைக்கு உச்சக்கட்டம் கிடைத்துவிட்டது அல்லவா? அவன் சிரிக்கவில்லை.

"மீசையை எடுத்துடலாம். குரல் சில பேருக்குத் திரும்பி வர்றதே இல்லடா," என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்புக் கதைதான். எழுத எழுத என் கையை மீறிப் போய்விட்டது.

2

முதலில் எழுதி அடித்த தொடக்கங்கள்:

"இயந்திர அறையின் சூட்டில் நின்றபடி அவர் தன் இழந்த இளமையை—"

[லிஃப்ட்டுக்கு மேலே இயந்திர அறையில் நிற்கிறவர் இளமையை நினைக்க மாட்டார். பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்.]

"மனைவி மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த முதுகில்—"

[ஆணுக்குச் சங்கடம் என்றதும் பெண்ணின் முதுகைக் காட்டுவது எங்களைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம். இவள் திரும்பிப் படுக்கிறவளும் அல்ல. முகத்தைப் பார்த்து, "பரவால்லங்க, தூங்குங்க" என்று சொல்கிறவள். அவருக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.]

ஆளை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியதற்கு நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. மேலே ஏற்றி இறக்குவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கா இந்தக் கோளாறு என்று. மலிவான வேடிக்கைதான். எனக்கே கூச்சமாகி அவரைக் கண்ணாடிக் கடைக்காரராக மாற்றினேன், பிறகு வங்கியில் உட்கார வைத்தேன். ஒட்டவே இல்லை. இந்தக் கதைக்குத் தோள் வலிக்கக்கூடிய ஆள் வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் மறு கேள்வி இல்லாமல் நம்ப வேண்டும். மறுபடியும் லிஃப்ட்காரரே வந்து உட்கார்ந்துகொண்டார். சிரிப்பதை இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் இடம் கிடைக்காது.

3

அடுத்தது ஒரு சொல் தகராறு.

இந்த நோய்க்குச் சுவரொட்டிக்காரர்கள் வைத்த பெயர் 'ஆண்மைக் குறைவு'. இதைவிட அநியாயமான பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. குறைந்திருப்பது ஒரு சுரப்பு. தைராய்டு குறைந்தவரைப் பார்த்து, உங்களுக்கு மனிதத்தன்மை குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஆனால் நம் மொழியில் ஆண்மை என்ற மூட்டைக்குள் வீரம், துணிவு, சொன்ன சொல் தவறாமை என்று என்னென்னவோ போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம். ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் இறங்கினால் மூட்டையோடு எல்லாம் கீழே விழுந்துவிடுகிறது.

வேறு சொல் தேடி அகராதியைப் புரட்டினேன். கிடைத்தவை எல்லாம் இதைவிட மோசம்.

லிஃப்ட்காரர் வீட்டில் இதற்குப் பெயரே கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'அது' என்ற ஒரே சொல்லை வைத்துக் குடித்தனம் நடத்தியவர்கள் அவர்கள். "அது இன்னைக்கு வேணாமே." "அதுக்கென்ன, பரவால்ல." பிள்ளை பிறந்ததும் அதே சொல்லில்தான், அந்தப் பிள்ளை வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தச் சொல்லுக்கு மாற்று வந்தபாடில்லை. நன்றாக இருந்தவரை 'அது' போதுமானதாக இருந்தது. கெட்டுப்போனபோது அதைப் பற்றிப் பேச இருவரிடமும் வேறு ஒரு சொல்கூட இல்லை.

4

அவருக்கு நடந்தது இதுதான். முதலில் அசதி. மதியத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தார். பிறகு 'அது'. ஆசை இருந்து உடம்பு ஒத்துழைக்காமல் போயிருந்தால்கூட அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். ஆசையே வருவதில்லை. தான் எப்போதோ ஆசைப்பட்டோம் என்பதுகூட யாரோ சொல்லிக் கேட்ட சேதியாக இருந்தது.

டாக்டரைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நகரத்தில் பெரிய கட்டடங்களில் எல்லாம் காவலாளியிலிருந்து வரவேற்புப் பெண் வரை அவரைத் தெரியும், லிஃப்ட் நின்றால் அவரைத்தானே கூப்பிடுகிறார்கள். அதனால் லிஃப்ட்டே இல்லாத ஒரு தரைத்தள மருத்துவமனையாகப் பார்த்துப் போனார்.

டாக்டர் காலை நேரத்தில் ரத்தம் எடுத்தார், சந்தேகம் தீர இன்னொரு நாளும் எடுத்தார். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்.

"டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் கம்மியா இருக்கு. ஜெல் எழுதித் தரேன். தினம் காலைல குளிச்சதும் தோளுக்குப் போடுங்க."

"தோளுக்கா?"

"தோளுக்குத்தான். நீங்க நினைக்கற இடத்துல போட்டுடாதீங்க."

அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. அந்த அறையின் கதவு சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் ஒரு விரல் அளவு திறந்திருப்பதை, கதவுகளோடே வாழ்கிறவரின் கண் அப்போதுதான் பார்த்தது. வெளியே அடுத்த ஆள் தொண்டையைச் செருமினான். கேட்டிருப்பானா? எவ்வளவு கேட்டிருப்பான்? டாக்டர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார்: போட்டதும் கையைக் கழுவ வேண்டும், காய்ந்ததும் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், போட்ட இடம் வீட்டில் வேறு யார்மேலும் படக் கூடாது. லிஃப்ட்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கண்ணும் காதும் அந்தக் கதவிடுக்கில் இருந்தன. 'தோளுக்கு' என்பதற்குப் பிறகு ஒரு சொல்கூட அவருக்குள் போகவில்லை.*

*இந்த இடத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் பொறுங்கள், இன்னும் கூடும்.

5

வீட்டில் அவள் கேட்டாள். "என்னங்க இது, புது மருந்து?"

"தோளுக்கு," என்றார்.

கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. தமிழில் 'தோளுக்கு மருந்து' என்றால் தோள்வலியைப் போக்கும் மருந்தும் ஆகும், தோளில் போடும் மருந்தும் ஆகும். அந்த ஒரு 'கு'வுக்குள் ஓர் ஆள் வசதியாக உட்கார்ந்து ஒளிந்துகொள்ளலாம். நேராகப் பொய் சொல்லியிருந்தால் உறுத்தியிருக்கும், என்றைக்காவது உளறியிருப்பார். உண்மையையே சொல்லிவிட்டுத் தப்பித்ததால் நிம்மதியாகத் தூங்கினார்.

"நான் அப்பவே சொன்னேன், அந்தக் கதவையெல்லாம் ஒத்தை ஆளா தூக்காதீங்கன்னு. குடுங்க இப்படி."

"வேணாம்மா, நானே போட்டுக்கறேன்."

"பின்பக்கம் எப்படி எட்டும்? சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து முக்காலியில் உட்காருவார். அவள் ஜெல்லை உள்ளங்கையில் பிதுக்கி, இரண்டு தோளிலும் வைத்து, வலி இருக்கும் என்று அவளாக நினைத்த இடத்தில் எல்லாம் அழுத்தித் தேய்ப்பாள். சில்லென்று இருக்கும், ஸ்பிரிட் வாடை வரும். தேய்த்து முடித்ததும் கையில் மீந்ததை வீணாக்காமல் தன் கழுத்தில் பூசிக்கொள்வாள்.

"எனக்கும்தான் கழுத்து வலி. நாள் முழுக்க மைக்குக்குக் குனிஞ்சு குனிஞ்சு."

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அழுதுகொண்டு அலுவலகத்தில் நிற்கிறது என்று சொல்லும் குரல் அவளுடையது. அவளைப் பார்த்தால் ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. பேசினால் எல்லோருக்கும் தெரியும்.*

*அவரை 'அவர்' என்றும் அவளை 'அவள்' என்றும் எழுதுகிறேன். திருத்திப் பார்த்தேன், யார் யாரென்று எனக்கே குழம்பிவிட்டது. விட்டுவிட்டேன்.

6

இந்தப் பகுதியைச் சந்தோஷமாக எழுதுகிறேன், ஏனென்றால் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

மருந்து வேலை செய்தது. அசதி விலகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு ஆசை வந்தது. திடுக்கிட்டுப் போனார். தொலைந்துபோனவன் தானாக வீடு வந்து கதவைத் தட்டிய மாதிரி இருந்தது. அவள் கன்னத்தைத் தொட்டார்.

"என்னங்க, பட்டப்பகல்ல," என்றாள். ஆனால் நகவெட்டியை வைத்துவிட்டாள்.

பிறகு அவள் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு, "தோள் வலி போனா எல்லாம் சரியாயிடும்போல," என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. ஆனால் கெட்டுப்போயிருந்தது என்று ஒப்புக்கொண்டால்தானே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியும்? அவர் அவள் முடியைக் கோதிக்கொண்டு படுத்திருந்தார். அவள் கன்னம் அவருடைய வெறும் தோளில் இருந்தது.

7

குரல் ஒரே நாளில் போகவில்லை. முதலில் உச்சத்தில் பிசிறு தட்டியது. சளி என்றாள். தூசி என்றார். மிளகைக் கடித்தாள், வெந்நீர் குடித்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தபடி சொன்னாள்:

"இன்னைக்கு போன்ல ஒருத்தன் என்னை சார்னு கூப்பிட்டான்."

"லைன் சரியில்லாம இருந்திருக்கும்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். அடுத்து ஒருத்தனும் கூப்பிட்டான். ஆனா ஒண்ணுங்க, ரெண்டு பேருமே ரொம்ப மரியாதையா பேசினாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கட்டையாக வந்து விழுந்தது. இருவருக்கும் அது கேட்டது, இருவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

அவர் அறியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அவள் தாடையில் முளைத்த முரட்டு முடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தினமும் முளைத்தது. புருஷன் இப்போதுதான் மறுபடி ஆசையாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார், இந்த நேரத்தில் இதைப் போய் எப்படிக் காட்டுவது என்று நினைத்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு தாழ்ப்பாள்.

நிலைய மேலாளர் அவளை மைக்கிலிருந்து எடுத்துப் பின்னறையில் நேர அட்டவணை சரிபார்க்க வைத்தார். "தொண்டை சரியானதும் வந்துடுங்க," என்றார், நல்ல மனிதர். மறுநாளிலிருந்து வேறு குரல் வண்டிகளை அறிவித்தது. அவள் அந்தக் குரலுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தாள்.

8

தொண்டை டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்த பிறகு, ஒரு பெண் டாக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த அறையின் கதவு கச்சிதமாக மூடியது.

"உங்க ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் ரொம்ப அதிகமா இருக்கும்மா. ஆம்பளைங்களுக்கு இருக்கற அளவு."

டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னதும் லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ரத்தத்தில் குறைவு என்று சொன்ன அதே பெயர். அது எப்படி இவளுக்குள்? காலை வெளிச்சத்தில் முக்காலியும், ஜெல் மினுங்கும் அவள் உள்ளங்கைகளும், அந்தக் கைகள் கழுத்துக்குப் போவதும் அவர் கண் முன்னால் வந்தன.

டாக்டர் பேனாவை எடுத்தார். "வீட்ல யாராவது ஹார்மோன் மருந்து எடுக்கறாங்களா? மாத்திரை, ஊசி, பூசிக்கற மருந்து, ஏதாவது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள். சந்தேகமே இல்லாத பதில்.

"யாரும் இல்ல டாக்டர். இவர் காய்ச்சலுக்கே மாத்திரை போட மாட்டார். தோள்வலிக்கு மட்டும் ஒரு மருந்து, அவ்வளவுதான்."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

[இந்த வாக்கியத்தைப் பல தடவை அடித்தேன். "அவர் உண்மையைச் சொன்னார்" என்று எழுதினேன், நிற்கவில்லை. "அவர் மயங்கி விழுந்தார்" என்றுகூட எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தலை தானாக ஆடியது.]

"அப்போ சினைப்பைல கட்டி இருக்கலாம். ஸ்கேன்ல தெரியல, ஆனா சில கட்டி ஸ்கேன்ல தெரியாத அளவுக்குச் சின்னதா இருக்கும். வயசு பார்த்தா ரெண்டு சினைப்பையையும் எடுத்துடறது நல்லது."

"புத்துநோயா டாக்டர்?"

"இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது. யாருடைய கை என்று கேட்காதீர்கள்.

9

முடிவுகள். மூன்று எழுதினேன், மூன்றும் உங்களுக்கே தெரியட்டும்.

முதலாவதில் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே அவர் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். அவள் முதலில் அதிர்ந்து, பிறகு சிரித்து, "இதுக்கா இப்படி மறைச்சீங்க" என்று கட்டிக்கொள்கிறாள். படித்துப் பார்த்தேன். வருஷக்கணக்காக உழைத்த குரலைப் பறிகொடுத்தவள் ஏன் சிரிக்கிறாள்? அவருக்குச் சங்கடம் இருக்கக் கூடாது என்பதற்காக நான்தான் அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கிழித்தேன்.

இரண்டாவதில் அவர் வாயே திறப்பதில்லை. ஜெல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அவள் ரத்தத்தில் அந்த அளவு தானாக இறங்கிவிடும் என்று காத்திருக்கிறார். அறுவை நடக்கிறது. கட்டி எதுவும் இல்லை என்று முடிவு வருகிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் கண்ணீரோடு நிம்மதி அடைகிறார்கள். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை கூசுகிறது.

மூன்றாவதில் ஆஸ்பத்திரிக்குப் பெயர் சொல்லாமல் போன் செய்கிறார். "மேடம், என் ஃப்ரெண்டு ஒருத்தர்—"

[வேண்டாம். இந்த நண்பரை எல்லா டாக்டருக்கும் தெரியும்.]

இதற்கிடையில் அவர் ஒத்திகை பார்க்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே கூண்டு தொங்க, யாருக்கும் கேட்காத இடத்தில் நின்று சொல்லிப் பார்க்கிறார். "எனக்கு வந்து, கொஞ்ச நாளா..." "எனக்கு ஒரு பிரச்சினை இருந்துச்சு..." "என்னால..." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் 'எனக்கு' என்றுதான் தொடங்குகின்றன. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவளுக்கு இவருடைய கதை இப்போது தேவையே இல்லை. அவளைக் காப்பாற்றுவதற்கு ஆண்மையும் வேண்டாம், அதற்கு நல்ல தமிழ்ச் சொல்லும் வேண்டாம். "உனக்குக் கட்டி இல்ல." அது போதும்.

அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்தேன். துப்பிவிட்டார். அதைச் சொன்னால் "எப்படித் தெரியும்?" என்று கேட்பாளே.

என் சொந்தக் கதாபாத்திரத்தைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். ஐயா, அவள் உடம்பை அறுக்கப்போகிறார்கள். அவள் சாகப்போவதாக நினைத்து, மகனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நீங்களே எத்தனை பத்தி சுற்றி வளைத்துவிட்டு இங்கே வந்தீர்கள் என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

10

அறுவைக்குச் சேர்க்கும் நாள் காலை. ஆஸ்பத்திரியின் சேர்க்கைப் பிரிவில் கண்ணாடி ஜன்னல், அதில் பேசுவதற்கு வட்டமாக ஓர் ஓட்டை. பின்னால் நீளமான வரிசை. அவள் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருக்கிறாள், தாடை தெரியாதபடி. அவர் கையில் அவளுடைய துணிப்பை.

ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறாள். "யாருக்கு? என்ன பிரச்சினை?"

அவள் பேசுவதற்காக முன்னால் வருகிறாள். ஒரு பேருந்து நிலையம் முழுக்கத் தயங்காமல் பேசியவள். பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் குரல் வெளியே வந்தால் எத்தனை தலைகள் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும், கொஞ்ச நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேசாமல் ஓரமாக விலகி அவருக்கு இடம் விடுகிறாள். அவர் முழங்கையைத் தொட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அந்தக் கனத்த குரலில் சொல்கிறாள்:

"எனக்குக் கூச்சமா இருக்குங்க. நீங்க சொல்லுங்க."

அவர் குனிந்து ஓட்டைக்கு அருகே வாயைக் கொண்டுபோகிறார். அவளுடைய கை இன்னும் அவர் முழங்கையில் இருக்கிறது, முழு நம்பிக்கையோடு.

நான் இங்கே நின்றுவிட்டேன். இதற்கு அடுத்த வாக்கியத்தை எழுதிய தாளெல்லாம் கீழே கிடக்கிறது. ஜன்னல் பெண் இரண்டாவது தடவையாகக் கேட்கிறாள், வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள்.

நீங்கள் சொல்லுங்கள்.